கம்பும் வாளும் கற்பிக்கும் பாடம்

பேச்சிப்பாறை என்றவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அணைக்கட்டு. கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையைப் பற்றியும், அதைச் சூழ்ந்த மலைகளையும் ரப்பர்த் தோட்டங்களையும் பற்றியும் இம்மலரில் முன்னரே பலர் எழுதியுள்ளனர். ஆகவே சரித்திர மன்றத்தைச் சார்ந்த நாங்கள் இவ்வாண்டு வேறொரு பொருளைத் தேர்ந்துகொண்டோம். நம் முன்னோர் கம்பும் வாளும் ஏந்திப் போரிட்ட முறையே அப்பொருள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா சென்றபோது இந்த எண்ணம் தோன்றியது. அங்கே பழைய வாள்களும் குத்துவாள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. “இவற்றைக் கையில் கொடுத்தால் உங்களில் யாருக்காவது பிடிக்கத் தெரியுமா?” என்று சிஸ்டர் கேட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எங்களை விடவில்லை. வாள் இருக்கிறது, வாள்வித்தை எங்கே போயிற்று?

விடை எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே கிடைத்தது. தோட்டத்தை அடுத்த ஒரு வெளியில் மாலை வேளைகளில் அடிமுறை கற்பிக்கும் முதிய ஆசான் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

வாள் மறைந்த வரலாறு

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது பத்மநாபபுரம். 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை கொளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தது. அப்போது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைவீரருக்கு ஐரோப்பிய முறையில் போர்ப்பயிற்சி அளித்தார். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் முதலிடம் வந்தது. 1777இல் மறைந்த டிலனாயின் கல்லறையை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் காணலாம்.

தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார். அந்த எழுச்சி அடக்கப்பட்டபின் திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளிலோ 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாதவர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. இவ்வாறு வாள் சிறிது சிறிதாக மக்கள் கையை விட்டு நீங்கியது. ஆனால் மாடு மேய்ப்பவர் கையிலும் வழிப்போக்கர் கையிலும் இருந்த கம்பை யார் பறிக்க முடியும்? கம்போடு சேர்ந்து வித்தையும் பிழைத்துக்கொண்டது.

காலிலே தொடங்கும் கல்வி

கேரளத்தில் களரிப்பயிற்று வடக்கன், தெக்கன் என இருவகைப்படும். தெக்கன் முறையும் நம் மாவட்டத்து அடிமுறையும் நெருங்கிய உறவுடையவை. வடக்கன் முறையில் உடற்பயிற்சி, மரக்கோல், உலோக ஆயுதம் ஆகியவற்றுக்குப் பின்னரே வெறுங்கைப் போர் வரும். தென்பகுதியிலோ வெறுங்கையிலேயே பாடம் தொடங்குகிறது.

முதல் நாள் நாங்கள் கம்பைக் கேட்டோம். ஆசான் சிரித்துவிட்டு, “அடிக்கது கையில்ல மக்களே, காலாக்கும்” என்றார். முதலில் சுவடு வைக்கக் கற்க வேண்டும். எந்தக் கால் முன்னே, எது பின்னே, உடலின் பாரம் எதன்மேல், திரும்பும்போது எதை ஊன்றுவது என்பதே சுவடு. நேரே வரும் அடியை நின்ற இடத்திலேயே தடுப்பதைவிட, ஓர் அடி பக்கவாட்டில் விலகித் தடுப்பது எளிது. விலகியவுடன் எதிராளியின் விலா நமக்குத் திறந்து கிடக்கிறது. இந்த ஒரு பாடம் கம்புக்கும் வாளுக்கும் பொது.

அடுத்தது கம்பு. இதில் நம் விஞ்ஞானப் பாடம் ஒளிந்திருக்கிறது. கம்பு சுழலும்போது, கையிலிருந்து ஓர் அடி தூரத்திலுள்ள பகுதி எவ்வளவு தூரம் செல்கிறதோ, அதே நேரத்தில் நான்கு அடி தூரத்திலுள்ள நுனி அதைப்போல் நான்கு மடங்கு தூரம் செல்கிறது. மணிக்கட்டைச் சிறிது திருப்பினாலும் நுனி பறக்கும். ஆகவே இக்கலைக்கு முரட்டுப் பலம் முக்கியமன்று. காலமும் தூரமும் அறிவதே முக்கியம்.

வாளிலோ நுனி வேகமுடையது, ஆனால் வலுவற்றது. பிடியை அடுத்த பகுதி வலுவுடையது. எதிராளியின் வாள்நுனியை நம் வாளின் அடிப்பகுதியால் தாங்குவதே முறை. பரிசை எனப்படும் சிறிய வட்டக் கேடயத்தை மார்போடு ஒட்டிப் பிடிக்கக்கூடாது. கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். விளக்கின் அருகே கையைக் கொண்டுபோனால் சுவரிலே நிழல் பெரிதாகிறது அல்லவா? அதுபோலப் பரிசை எதிராளியை நெருங்க நெருங்க, அவன் வாள் வரும் வழிகளில் மிகுதியானவற்றை அடைத்துவிடுகிறது.

மான்கொம்பு இரண்டைச் சேர்த்துச் செய்த ஆயுதம் பெரும்பாலும் தற்காப்புக்கு உரியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. இப்போது அவ்வாயுதத்தை மரத்தாலும் உலோகத்தாலும் செய்கின்றனர். எல்லாவற்றுக்கும் கடைசியில் கற்பிக்கப்படுவது சுருள்வாள். நாடாபோல் வளையும் அது சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கணக்குத் தவறினால் முதலில் காயப்படுவது அதை ஏந்தியவரே.

ஏட்டிலே நின்ற வித்தை

ஐரோப்பாவிலும் வாளும் சிறு கேடயமும் கொண்டு போரிடும் கலை சிறந்திருந்தது. அங்கே கிடைத்துள்ள வாள்பயிற்சி ஏடுகளில் மிகப் பழையது ஏறத்தாழ 1320ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. இன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சிசாலை அதன் உடைமையாளர். அதில் வாள் பிடிக்கும் நிலைகள் ஏழு எனக் கூறி, ஒவ்வோர் அசைவையும் படமாகத் தீட்டியிருக்கிறார்கள். படத்திலே கற்பிப்பவர் யார் தெரியுமா? ஒரு குரு! எதிரே அவருடைய மாணவர் நிற்கிறார். கடைசிப் பக்கங்களில் மாணவருக்குப் பதிலாக வால்புர்கிஸ் என்னும் பெண் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கிறாள். 700 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வாள் பயின்ற படத்தைக் கண்டபோது எங்கள் வியப்புக்கு அளவில்லை.

ஆனால் அந்நாட்டில் அக்கலையைக் கற்பித்த ஆசிரியர் வரிசை இடையிலே அறுந்துபோயிற்று. இன்று ஆர்வலர் பலர் அந்த ஏட்டை விரித்து வைத்து, படம் படமாகச் செய்து பார்த்து உயிர்ப்பிக்க முயல்கின்றனர். கை எங்கே இருக்கிறது என்பதைப் படம் காட்டும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எவ்வளவு வேகத்தில், எந்த மூச்சில் செல்வது என்பதை அது காட்டாது. நமக்கோ காலைத் தட்டித் திருத்தும் ஆசான் இன்னும் இருக்கிறார். பயில வருவோர் இல்லாமற்போனால் நமக்கும் ஏடு மட்டுமே மிஞ்சும்.

பெண்களுக்கு ஏற்றதா?

வடகேரளத்தின் வடக்கன் பாட்டுகள் உண்ணியார்ச்சை என்னும் வீரப்பெண்ணைப் போற்றுகின்றன. அது கதைப்பாட்டு என்பாருக்கு நம் காலத்துச் சான்று ஒன்று காட்டுவோம். வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரியில் இறங்கினார். முதுமையிலும் வாளேந்தி மாணவர்க்குக் கற்பித்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் மாநிலத்தில் 2024 ஜனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆகவே இக்கலையை இனி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது எனலாகாது.

கடைசிப் பாடம்

அடிமுறையின் முடிவில் இருப்பது வர்மம். உடலில் அடிபட்டால் கேடு விளைக்கும் இடங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக 108 என்று கணக்கிடுவது மரபு. அவற்றை ஆசான்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுவதில்லை. மாணவரின் பொறுமையைப் பல்லாண்டு பார்த்த பின்னரே சொல்வர். அப்போதும் அடிக்கும் முறையோடு, அடிபட்டவரை எழுப்பும் முறையையும் சேர்த்தே கற்பிப்பர். நம் ஊர்களில் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் எண்ணெயிட்டுக் கட்டுவோர் பலர் இந்த ஆசான்மாரே. அடிக்கத் தெரிந்த கைக்கு ஆற்றவும் தெரிய வேண்டும் என்பதே இதன் கருத்து.

இதை எழுதும்போது நட்டாலத்தில் 1712இல் பிறந்த புனித தேவசகாயம் எங்கள் நினைவுக்கு வருகிறார். அவர் இளமையில் ஆயுதப் பயிற்சியும் வர்மக்கலையும் கற்றவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஆனால் தம்மைத் துன்புறுத்தியவர்களை அவர் எதிர்த்து அடிக்கவில்லை. 1752இல் காற்றாடிமலையில் உயிர்நீத்தார். வலிமை இருந்தும் அடங்கி நிற்பதே பெரிய வீரம் அல்லவா?

முடிவாக, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பில் அடிமுறை பயில ஒன்பது பேர் பெயர் கொடுத்தோம். “பெண்பிள்ளைக்குக் கம்பு எதற்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். கடைசியில் சிஸ்டரின் துணையோடு களத்துக்குச் சென்றவர்கள் மூவர்தான். ஆசானுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. இப்போது எங்களையும் சேர்த்து அவரிடம் பயில்வோர் ஏழு பேரே. யாரையும் அடிக்க நாங்கள் கற்கவில்லை. பயமின்றி நிற்கவும், விழுந்தால் எழவும், கோபம் வந்தால் ஓர் அடி விலகவும் கற்கிறோம். மற்ற ஆறு பேரின் பெற்றோரும் ஒரு மாலை வந்து பார்த்துவிட்டு முடிவு சொன்னால் போதும். எங்களுக்குச் சுவடு வைக்கக் கற்றுத்தரும் கால்கள் தளர்வதற்கு முன் அவர்கள் வர வேண்டும்.