வழக்கில் வாசகருக்காகப் பேசுவது யார்?

கேள்வி: ஐயா, நான் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் ஆய்வு செய்து பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. “கோர்ட்டுக்குப் போகாமல் கட்டுரை எழுதினால் யாருக்கு என்ன பயன்?” என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்வது?

— சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: அப்பாவிடம் ஷம்நாத் பஷீரைப் பற்றிச் சொல்லுங்கள். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, கொல்கத்தாவில் அறிவுசார் சொத்துரிமைப் பேராசிரியராக இருந்தவர்.

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, பாடத்துக்குரிய பக்கங்களைத் தொகுத்து விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர்களின் நிலையை யார் எடுத்துச் சொல்வது? மாணவர்கள் ஒரு சங்கமாக வழக்கில் சேர்ந்தார்கள். பஷீரும் சக கல்வியாளர்களும் அமைத்த சங்கமும் சேர்ந்தது. பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை ஏற்றது; அந்தப் பக்கங்கள் பாடத்துக்குத் தேவையானவைதானா என்று விசாரிக்கச் சொன்னது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின.

கிளிவெக் புற்றுநோய் மருந்தின் காப்புரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கல்வியாளராக வாதங்களை முன்வைத்ததும் அவரே. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் உறுப்பினர் நியமனத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், சில சட்டப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் அறிவித்தது. 2014-ல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார். 2019-ல் இளம் வயதிலேயே மறைந்தது பேரிழப்பு.

முழுநேரப் பேராசிரியர் பொதுவாக வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. அதனாலேயே எந்தக் கட்சிக்காரருக்கும் கட்டுப்படாமல் சட்டம் சொல்வதைச் சொல்ல முடிகிறது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன் ஏஐ மீது 2024-ல் தொடுத்த வழக்கில், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட இருவரில் ஒருவர், பெங்களூரு சட்டப் பேராசிரியர் அருள் ஜார்ஜ் ஸ்காரியா. கட்டுரைகளில் வளர்த்த அறிவைத்தான் நீதிமன்றம் கேட்டு வாங்குகிறது.

எல்.எல்.எம்., நெட் தேர்வு, பிஎச்.டி. என்பதுதான் வழக்கமான பாதை. அதற்குக் காத்திராமல், 52-வது பிரிவையும் ஜெராக்ஸ் வழக்கின் இரண்டு தீர்ப்புகளையும் இப்போதே படியுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று எழுதிப் பாருங்கள். உங்கள் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும்.