ஸ்கூல் ஸ்கோரை நம்பி வீடு பார்க்கிறீர்களா?

அமெரிக்காவில் பிள்ளைகளோடு ஊர் மாறும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எலிமெண்டரி ஸ்கூல் ஸ்கோரைப் பார்த்துவிடுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் யாரோ "அந்த ஸ்கூல் 9, இது வெறும் 6" என்று சொல்ல, அதற்காகவே கூடுதல் வாடகைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த 9 எதை அளக்கிறது என்ற கேள்வி பணம் போன பிறகுதான் வருகிறது.

ஸ்டேட் டெஸ்ட் முடிவுகளில் உங்களுக்குத் தேவையான தகவல் நிறையவே இருக்கிறது. எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2015இல் வந்த எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ் சட்டப்படி எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளிகளில் 3 முதல் 8 வரையிலான வகுப்புகள் ஆண்டுதோறும் ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் தேர்வு எழுத வேண்டும். பள்ளிவாரியான முடிவுகளைப் பொதுவில் வைக்கவும் வேண்டும். நம்மவர்கள் அதிகம் இருக்கும் கலிஃபோர்னியாவையும் டெக்ஸாஸையும் வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். லீஸில் கையெழுத்திடும் முன், ஆஃபர் போடும் முன், இன்று மாலையே உட்கார்ந்து பாருங்கள்.

செய்ய வேண்டியவை

● மாநிலக் கல்வித் துறையின் தளத்துக்கே போங்கள். ஜில்லோவிலும் ரெட்ஃபின்னிலும் வீட்டு விலையோடு வரும் 1 முதல் 10 வரையிலான எண்ணை அரசு கொடுக்கவில்லை. கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு பல கணக்குகளைக் கலந்து போடும் மதிப்பெண் அது. மூல எண்கள் கலிஃபோர்னியாவின் காஸ்ப் தேர்வு முடிவுகளிலும் டெக்ஸாஸின் ஸ்டார் தேர்வு முடிவுகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

● மொத்த சதவீதத்தோடு நிற்காமல் உட்பிரிவுகளைத் திறந்து பாருங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பள்ளிகள், இரண்டிலும் 200 பேர் தேர்வு எழுதுகிறார்கள். முதல் பள்ளியில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் 20 பேர், இரண்டாவதில் 100 பேர். இரண்டு பள்ளிகளிலுமே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் 80 சதவீதமும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் 40 சதவீதமும் தேறுகிறார்கள் என்று வையுங்கள். மொத்தத்தில் முதல் பள்ளி 76, இரண்டாவது 60. பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் ஒன்று நல்ல ஸ்கூல், மற்றது சுமார் என்று தோன்றும். உங்கள் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளைக்கோ இரண்டும் ஒன்றுதான். அந்த 16 புள்ளி வித்தியாசத்துக்குத்தான் நீங்கள் வாடகை கொடுக்கப் போகிறீர்கள். வருமானம், இனம், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம்; அந்தப் பட்டியல் தளத்தில் கட்டாயம் இருக்கும்.

● எவ்வளவு எடுத்தார்கள் என்பதோடு எவ்வளவு வளர்ந்தார்கள் என்றும் தேடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஸ்கோரில் ஐந்து வயதுக்கு முன் வீட்டில் கேட்ட கதைகள், ப்ரீஸ்கூல், மாலை நேர கூமான் வகுப்பு எல்லாமே கலந்திருக்கின்றன. பள்ளி என்ன செய்தது என்று அறிய, அதே பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள தேர்வு முடிவுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தபோது, சராசரி ஸ்கோர் குடும்ப வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போவதையும், வளர்ச்சி வேகம் அப்படிப் போகாததையும் கண்டார். எல்லோரும் குறைசொன்ன சிகாகோ பள்ளிகளில், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்தே ஆண்டில் பிள்ளைகள் ஆறு ஆண்டு அளவுக்குக் கற்றிருந்தார்கள். அவருடைய குழு நடத்தும் எஜுகேஷனல் ஆப்பர்ச்சூனிட்டி ப்ராஜெக்ட் தளத்தில் பள்ளிவாரியாகவே இதைப் பார்க்கலாம்.

● குறைந்தது மூன்று ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 60 பேர் என்றால், மூன்று பிள்ளைகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தாலே 5 சதவீதம் மாறிவிடும். 2020இல் கோவிட் காரணமாகத் தேர்வே நடக்கவில்லை. 2021 முடிவுகளும் ஒப்பிட உதவாது. 2022இலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

● எத்தனை பேர் எழுதினார்கள் என்று பாருங்கள். 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த ஸ்கோரைப் பாதிதான் நம்பலாம். எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தப் பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவு, தனிநபர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்று மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பள்ளி எதையோ ஒளிக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

● கிண்டர்கார்டன், ஒன்று, இரண்டாம் வகுப்புகளை நேரில் போய்ப் பாருங்கள். பள்ளிவாரி ஸ்கோரில் இந்த மூன்று வகுப்புகளும் வருவதில்லை. உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது என்றால், நீங்கள் பார்க்கும் எண் அவள் மூன்று வருஷம் கழித்து உட்காரப் போகும் வகுப்புகளைப் பற்றியது. ஸ்கூல் ஆபீஸில் கேட்டு ஒரு டூர் வாங்குங்கள். கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை டீச்சர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று பிரின்சிபாலிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

● முகவரியை டிஸ்ட்ரிக்ட் ஆபீஸில் உறுதிசெய்யுங்கள். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் உத்தரவாதம் ஆகாது, எல்லைக்கோடுகள் மாறும். எல்லைக்குள் வீடு இருந்தும் "கிண்டர்கார்டன் நிரம்பிவிட்டது" என்று அடுத்த பள்ளிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். லீஸ் போட்டுவிட்டதால் அவர்களால் நகரவும் முடியவில்லை. இந்த வகுப்பில் இந்த ஆண்டு இடம் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

● வீட்டில் தமிழ் பேசினால் சேர்க்கைப் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். "இங்கிலீஷ் என்று போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள்" என்று அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். கலிஃபோர்னியாவில் தமிழ் என்று எழுதினால், 30 நாட்களுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். பிள்ளை சரளமாகப் பேசினால் விஷயம் அன்றோடு முடிந்தது. தடுமாறினால் கூடுதல் உதவி கிடைக்கும், அது பிள்ளையின் உரிமை. அமெரிக்காவுக்கு வந்து 12 மாதம் ஆகாத அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்டேட் டெஸ்ட்டின் ஆங்கிலப் பகுதியிலிருந்து ஒருமுறை விலக்கும் உண்டு. கணக்குத் தேர்வை எழுதத்தான் வேண்டும்.

● தேர்வுக்கு முன் ஒரே ஒரு முறை ப்ராக்டிஸ் டெஸ்ட் போட வையுங்கள். கேள்வி கம்ப்யூட்டரில் வரும். இழுத்துப் போடுவது, கட்டத்தில் டைப் செய்வது எல்லாம் பழக வேண்டும். விடை தெரிந்தும் மவுஸோடு போராடி மதிப்பெண் இழக்கும் எட்டு வயதுப் பிள்ளைகள் உண்டு. மாதிரித் தேர்வுகள் மாநிலத் தளங்களிலேயே இலவசம்.

செய்யக்கூடாதவை

● இரண்டு மாநிலங்களின் சதவீதத்தை ஒப்பிடாதீர்கள். தேறியவர் யார் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கிறது. டெக்ஸாஸில் "அப்ரோச்சஸ்" நிலையே பாஸ்தான். அதற்கு மேல் "மீட்ஸ்", "மாஸ்டர்ஸ்" என்று இரண்டு இருக்கின்றன. டாலஸில் 80 என்பதும் சான் ஹோசேயில் 60 என்பதும் வேறு வேறு கோல்களால் அளந்தவை.

● பள்ளிகளை நிறத்தால் மதிப்பிடும் மாநிலத் தளமான கலிஃபோர்னியா டாஷ்போர்டின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த ஆண்டு நிலையையும் போன ஆண்டிலிருந்து வந்த மாற்றத்தையும் சேர்த்து நிறம் போடுகிறார்கள். போன ஆண்டு மூன்றாம் வகுப்பில் எழுதியவர்கள் வேறு, இந்த ஆண்டு எழுதியவர்கள் வேறு. ஒரே பிள்ளைகளின் வளர்ச்சியை அந்த நிறம் காட்டாது.

● ஒரே ஆண்டில் எகிறிய ஸ்கோரைப் பார்த்து மயங்காதீர்கள். புதிய வீடுகள் வந்து மாணவர்கள் மாறியிருக்கலாம், வகுப்பே தேர்வுப் பயிற்சிக் கூடமாக மாறியிருக்கலாம். அதைவிட மோசமும் நடந்திருக்கிறது. அட்லாண்டாவில் 2009 தேர்வில் மாணவர்களின் தவறான விடைகளை ஆசிரியர்களும் நிர்வாகிகளுமே அழித்துச் சரியாக மாற்றியிருந்தார்கள். 2011இல் வெளிவந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளைச் சுட்டியது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஸ்கோர் ஏறியதால் தேறிவிட்டதாக எண்ணப்பட்டு, கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போனது அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

● ஸ்கோர் குறைவு என்றதும் இருமொழிப் பள்ளியை ஒதுக்காதீர்கள். பாதி நாள் ஸ்பானிஷிலோ மாண்டரினிலோ படிக்கும் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலத் தேர்வில் சற்றுப் பின்தங்குவது வழக்கம். ஐந்தாம் வகுப்பின் எண்ணைப் பாருங்கள்.

● "ஸ்கூல் எப்படி?" என்று ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இனம் பார்த்து வீடு காட்டுவதைத் தடுக்கும் 1968இன் ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்குப் பயந்து நல்ல ஏஜென்ட் வாய் திறக்கமாட்டார். திறப்பவரை நம்பாதீர்கள்.

● "ஃபெயிலானால் அதே கிளாஸ்தான்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். மிசிசிப்பி, ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டு. அங்கேயும் விதிவிலக்குகள் இருக்கின்றன. நீங்கள் அங்கே இருந்தால், அந்தக் கவலை உங்களோடு இருக்கட்டும். இலையுதிர் காலத்திலேயே டீச்சரைப் பார்த்து வாசிப்பு நிலையைக் கேளுங்கள். வேறு மாநிலம் என்றால், பொய் சொல்லி எட்டு வயதுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதே இல்லை.

● மற்ற வீட்டுப் பிள்ளையின் ஸ்கோரைக் கேட்காதீர்கள், உங்கள் பிள்ளையின் ஸ்கோரைக் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும்.

● விசாரிக்காமல் தேர்வு நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். கலிஃபோர்னியாவில் பெற்றோர் எழுத்தில் கேட்டால் விலக்கு தர வேண்டும். டெக்ஸாஸில் தேர்வைத் தவிர்க்கப் பிள்ளையை நிறுத்தும் உரிமை பெற்றோருக்கு இல்லை.

● மாற்றுத்திறன் காரணமாக ஐஇபி அல்லது 504 ப்ளான் உள்ள பிள்ளைக்குச் சலுகைகளைத் தேர்வு வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். தனி அறை, கேள்வியை வாசித்துக் காட்டுவது போன்றவை முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். குளிர்கால விடுமுறைக்கு முன்பே கேட்டு முடியுங்கள்.

● கோடையில் வரும் உங்கள் பிள்ளையின் தேர்வு ரிப்போர்ட்டை மெயிலிலேயே விட்டுவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்து, பள்ளி திறந்ததும் நடக்கும் டீச்சர் சந்திப்புக்குக் கொண்டுபோங்கள். மொத்த ஸ்கோரைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்தாதீர்கள். இன்னொரு நாள் எழுதினால் அது கொஞ்சம் ஏறியோ இறங்கியோதான் இருக்கும். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பிரித்துப் போட்ட பகுதிக்குப் போங்கள். எதில் தாழ்ந்திருக்கிறது, வகுப்பிலும் அப்படித்தான் தெரிகிறதா, அதற்கு இந்த மாதம் பள்ளியில் என்ன செய்வீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.