ஆயாவின் முட்டிவலியும் மயாரோ வைரஸும்

எங்க ஆயா இன்னிக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்திருக்கிறார். கேட்டால், "எல்லாம் 2006-ல வந்த காய்ச்சல்டா" என்பார். (வயசும் ஒரு காரணம்தான், ஆனால் ஆயா ஒத்துக்கொள்ள மாட்டார்.)

அதுதான் சிக்குன்குனியா. அப்போது எங்க தெருவில் 'சிக்கன்குனியா' என்று சொல்லி, பல வீட்டில் கோழிக்கறியே வாங்கவில்லையாம்! கோழிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தான்சானியாவில் 1952-இல் இந்த நோயைக் கண்டறிந்தபோது, அங்குள்ள மக்கொண்டே மொழியில் வந்த பெயர் அது. உடம்பு வளைந்து போவது என்று பொருள்.

இந்த வைரஸ் நமக்குப் புதுசும் இல்லை. 1964-லேயே சென்னையிலும் வேலூரிலும் பரவியிருக்கிறது. 1973-க்குப் பிறகு இந்தியாவில் பெரிதாகத் தலைகாட்டவில்லை, எல்லோரும் மறந்துவிட்டார்கள். 32 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. 2006-இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று கணக்கு. அதே சமயத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவர் படுத்துவிட்டார். அங்கே வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அவ்வளவுதான்! புலிக்கொசுவின் உடம்பில் அது முன்பைவிட நன்றாகப் பெருக ஆரம்பித்துவிட்டது.

இதே குடும்பத்தில் பலரும் கேள்விப்படாத இன்னொரு வைரஸ் இருக்கிறது. பெயர் மயாரோ. 1954-இல் டிரினிடாட் தீவில், காட்டு வேலை செய்தவர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் மர உச்சியில் வாழும் கொசு இதைப் பரப்புகிறது. மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். பார்க்க டெங்கு மாதிரியே இருப்பதால் தனியாகச் சோதிப்பது குறைவு. தடுப்பூசியும் இல்லை.

காட்டுக் கொசுதானே, நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நம்ம வீட்டு ஏடிஸ் கொசுவாலும் இதைப் பரப்ப முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். 2015-இல் ஹைத்தி நாட்டில் 8 வயதுப் பையன் ஒருவனுக்கு இது இருந்தது. இந்தியாவுக்கு இன்னும் வரவில்லை. ஏடிஸ் மட்டும் இங்கே தயாராக இருக்கிறது.

போன ஞாயிறு எங்க வீட்டுத் தண்ணி டிரம்மைப் பார்த்தேன். புழு நெளிந்தது. திங்கட்கிழமை நம் சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி கிடக்கிற மூன்று பழைய டயரையும் பார்த்தேன். அதிலும் அதே புழு. வெள்ளி சாயங்காலம் தண்ணீரைக் கொட்டி, டயர்களை ஷெட்டுக்குள் வைக்கப் போகிறோம். வருகிறவர்கள் 9-ஆ வகுப்பில் பெயர் கொடுக்கவும்.