பூச்சி மாதிரிகளை அண்மையிலிருந்து படமெடுத்தல்

ஒரு பூச்சியின் சரியான பெயர் தெரிந்த பின்னரே அதைப்பற்றி உலகம் இதுவரை அறிந்துள்ள செய்திகள் அனைத்தும் நமக்குப் பயன்படத் தொடங்குகின்றன. அது எப்பயிரை உண்ணும், எந்நாட்டிலிருந்து வந்தது, அதன் இயற்கை எதிரி எது, எப்பருவத்தில் தாக்கினால் அதனை அடக்கலாம் என்பவையெல்லாம் பெயரைத் தொடர்ந்து வருவன. பெயர் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் பணமும் பருவமும் வீணாகும். பெயரை உறுதி செய்யும் பணியில் இன்று அண்மைப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அழகிய படம் வேறு. அடையாளம் காண உதவும் படம் வேறு. இவ்வேறுபாட்டை மாணவரும் களத்தில் பணியாற்றும் அலுவலரும் உணர்ந்திருத்தல் வேண்டும்.

படைப்புழுவும் மாவுப்பூச்சியும்

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடக மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்து மக்காச்சோள வயல்களில் ஒரு புதிய புழு காணப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு, 2016இல் ஆப்பிரிக்காவில் நுழைந்த படைப்புழுவே அது. நம் நாட்டில் ஏற்கெனவே இருந்துவரும் புகையிலை வெட்டுப்புழு, காய்ப்புழு ஆகியவற்றிலிருந்து இதனைப் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் நன்கு வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற வெளிர்நிறக் கோடும், வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதற்குச் சிறப்பான அடையாளங்கள். இவ்விரண்டையும் தெளிவாகக் காட்டும் படம் அலுவலருக்கும் உழவருக்கும் ஒருங்கே உதவும். புழுவைக் கையில் ஏந்தி, முதுகு முழுதும் ஒரே மங்கலாகத் தெரியுமாறு எடுத்த படம் எவருக்கும் உதவாது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மாவுப்பூச்சிகளின் உடலை மூடியுள்ள வெண்மையான மெழுகுப் பூச்சைப் படமெடுப்பதனால் மட்டும் இனத்தைத் துணிந்து கூற இயலாது. உடலைத் தெளிவாக்கிக் கண்ணாடித் தகட்டில் பதித்து, தோலிலுள்ள நுண்துளைகளையும் குழாய்களையும் நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். இனம் உறுதியானதால்தான் அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் வரவழைத்து வயல்களில் விட முடிந்தது. அதன்பின் பூச்சியின் பெருக்கம் வெகுவாகத் தணிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் ஒரு முடிவு கிடைக்கும். படம் எங்கே சான்றாகும், எங்கே ஆகாது என்பது பூச்சியின் அடையாள உறுப்பு எங்குள்ளது என்பதைப் பொறுத்தது. ஆகவே படமெடுப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது கருவியை அன்று, பூச்சியை.

அளவும் பெருக்கமும்

அண்மைப் படக்கலையில் உருப்பெருக்கம் என்பது பொருளின் உண்மை அளவுக்கும், கருவியினுள் விழும் அதன் பிம்பத்தின் அளவுக்கும் உள்ள விகிதமாகும். இரண்டும் சமமாயின் அது ஒன்றுக்கு ஒன்று எனப்படும். 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள முழுச்சட்டக் கருவியில், 36 மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சி இவ்விகிதத்தில் சட்டத்தின் அகலத்தை நிரப்பும். 6 மில்லிமீட்டர் வண்டு ஆறில் ஒரு பங்கையே நிரப்பும். எனவே சிறிய பூச்சிகளுக்கு மூன்று, நான்கு மடங்குப் பெருக்கம் தேவைப்படுகிறது.

இதற்கென விலையுயர்ந்த வில்லை இல்லாதவர்கள் நீட்டுக் குழாயையோ துருத்தியையோ பயன்படுத்தலாம். தொலைவிற்குக் குவியம் அமைத்த வில்லையை அதன் குவியத் தூரத்திற்குச் சமமான அளவு முன்னே நகர்த்தினால் ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் கிடைக்கும். அதாவது 50 மில்லிமீட்டர் வில்லைக்கு 50 மில்லிமீட்டர் நீட்டம் போதும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வில்லை முன்னே செல்லச் செல்லப் பிம்பத்தின் மீது விழும் ஒளி குறையும். ஒன்றுக்கு ஒன்றில் நான்கு மடங்கும், மூன்று மடங்குப் பெருக்கத்தில் பதினாறு மடங்கும் கூடுதல் ஒளி வேண்டியிருக்கும்.

கூர்மையின் ஆழம்

அண்மைப் படத்தில் பெரும் இடர்ப்பாடு இதுவே. பொருளில் எவ்வளவு ஆழம் வரை ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியும் என்பதே கூர்மையின் ஆழம். முழுச்சட்டக் கருவியில் ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில், துளை எண் 8இல், அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். நான்கு மடங்குப் பெருக்கத்தில், துளை எண் 5.6இல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வண்டின் கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பு மங்கும். உணர்கொம்பு தெளிவாக இருந்தால் கால் மங்கும்.

துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும் என்பது பொது விதி. ஆயினும் அண்மையில் இவ்விதிக்கு எல்லையுண்டு. நான்கு மடங்குப் பெருக்கத்தில் துளை எண் 16 என அமைத்தால் அதன் உண்மையான விளைவு 80க்குச் சமமாகும். அந்நிலையில் ஒளியின் விளிம்பு விளைவினால் படம் முழுவதும் மெத்தென்று மங்கிப் போகும். நுண்ணிய மயிர்களும் புள்ளிகளும் மறைந்துவிடும்.

இதற்கு இன்று கையாளப்படும் வழி, அடுக்குப்படம் எடுத்தலாகும். மாதிரியை அசையாமல் நிறுத்தி, கருவியைச் சிறுசிறு படிகளாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் கூர்மையாக உள்ள பகுதிகளை மட்டும் கணிப்பொறி ஒன்றிணைக்கிறது. 3 மில்லிமீட்டர் உயரமுள்ள வண்டை 0.08 மில்லிமீட்டர் படிகளில் எடுத்தால் ஏறக்குறைய 40 படங்கள் தேவைப்படும். படிகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய வேண்டும்; இடைவெளி விட்டால் இணைத்த படத்தில் மங்கற் பட்டைகள் தோன்றும். இம்முறை அசையாத மாதிரிக்கே முழுமையாகப் பொருந்துவது. ஆகவே மேசை உறுதியாக இருத்தல் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கருவியைக் கையால் தொடாது நேரங்குறி கொண்டோ கம்பி விசை கொண்டோ இயக்க வேண்டும்.

ஒளி

வண்டின் சிறகு உறை கண்ணாடியைப் போல் பளபளப்பது. அதன்மீது நேரடியாக ஒளி பாய்ந்தால் வெண்ணிறத் திட்டு ஒன்று விழுந்து, அதன் அடியிலுள்ள குழிகளையும் வரிகளையும் மறைத்துவிடும். ஆகவே ஒளியைப் பரவலாக்குதல் வேண்டும். மாதிரியைச் சுற்றி ட்ரேசிங் தாளை உருளையாக வளைத்து நிறுத்தி, வெளியிலிருந்து இரண்டு மூன்று பக்கங்களில் விளக்கொளி பாய்ச்சினாலே பெரும்பகுதி இடர் தீரும். மாறாக, மேற்பரப்பின் மேடு பள்ளங்களைக் காட்ட வேண்டுமாயின் ஒரு பக்கத்து ஒளி சற்று மிகுந்திருக்கலாம். இடப்பக்க மேற்புறத்திலிருந்து ஒளி வருமாறு அமைப்பது அறிவியல் ஓவியர்களின் நெடுநாள் வழக்கம். எல்லாப் படங்களிலும் ஒரே திசையைப் பின்பற்றினால் மேடு எது, பள்ளம் எது என்ற ஐயம் எழாது. நிறம் மாறாதிருக்க, முதற் படத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றையும் உடன் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

எதனைக் காட்டுவது?

ஒரு மாதிரிக்கு ஒரு படம் போதாது. மேற்புறம், அடிப்புறம், பக்கவாட்டு, தலையின் முகப்பு ஆகிய நான்கு தோற்றங்கள் அடிப்படையானவை. இவற்றுடன் அந்தந்தக் குடும்பத்திற்குரிய அடையாள உறுப்பையும் தனியே எடுக்க வேண்டும். ஈக்களுக்கும் குளவிகளுக்கும் சிறகின் நரம்பமைப்பு, வண்டுகளுக்கு உணர்கொம்பும் கால் நுனிக் கண்டங்களும், அந்துப்பூச்சிகள் பலவற்றிற்கு இனப்பெருக்க உறுப்பு ஆகியவை அத்தகையன.

பிற உயிரினங்களுக்கும் இவ்விதி பொருந்தும். பதப்படுத்திய பறவைத் தோலை முதுகு, வயிறு, பக்கம் என மூன்று நிலைகளில் எடுக்க வேண்டும். பாம்பின் தலைச் செதில்களும் வயிற்றுச் செதில்களும் எண்ணத்தக்கவாறு தெரிய வேண்டும். சாராயத்தில் பாதுகாத்த தவளையையோ மீனையோ வெளியே எடுத்தால் ஈரப்பளபளப்புப் படத்தைக் கெடுக்கும். ஆழமற்ற தட்டில் நீர்மத்தினுள் மூழ்க வைத்து மேலிருந்து எடுத்தால் அது நீங்கும்.

படத்தில் அளவுகோல் இருத்தல் கட்டாயம். 'பத்து மடங்கு பெரிதாக்கியது' என்று கீழே எழுதுவது பயனற்றது. அச்சிலும் திரையிலும் படத்தின் அளவு மாறும்போது அக்கூற்று பொய்யாகிவிடும். படத்திற்குள்ளேயே பதித்த ஒரு மில்லிமீட்டர்க் கோடு படத்தோடு சேர்ந்து பெரிதாகும், சேர்ந்து சிறிதாகும். மாதிரியின் ஊசியிலுள்ள சீட்டையும் தனியே படமெடுக்க வேண்டும். இடம், நாள், பிடித்தவர், உண்ட பயிர் ஆகிய குறிப்புகள் அற்ற பூச்சி, முகவரி இல்லாக் கடிதத்தை ஒத்தது.

மாதிரி இழப்பதும் படம் காப்பதும்

படத்தால் மட்டுமே காக்கக்கூடிய சில உண்டு. தும்பிகளின் கண்ணிறமும் உடல் நிறமும் இறந்தபின் விரைவில் மங்குகின்றன. பச்சைப் புழுவைச் சாராயத்தில் இட்டால் பச்சை நிறம் கரைந்து வெளிறிவிடும். எனவே புழுக்களை உயிருடன் இருக்கும்போதே படமெடுத்து, பின்னர்க் கொதிநிலையை அணுகிய நீரில் இட்டு, அதன்பின் சாராயத்தில் காப்பது முறை. அப்புட்டிக்கும் படத்திற்கும் ஒரே எண் இடவேண்டும்.

பேரிடர்க் காலத்தில் படத்தின் மதிப்பு மேலும் விளங்கும். 2016 ஏப்ரல் 26 அன்று புதுதில்லியிலுள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையாயிற்று. 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோவிலிருந்த தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. எரிந்த மாதிரியைப் படம் மீட்டுத் தாராது. ஆயினும் முன்பே நன்கு படமெடுத்துப் பல ஊர்களில் படிகள் வைக்கப்பட்டவற்றைப் பற்றிய அறிவேனும் எஞ்சி நிற்கும்.

1916இல் நிறுவப்பட்டுக் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம், தில்லி பூசா வளாகத்திலுள்ள தேசியப் பூச்சித் தொகுப்பு, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றில் நாட்டின் பூச்சிச் செல்வம் சேமிக்கப்பட்டுள்ளது. ஓர் இனத்தின் பெயர் எந்த மாதிரியைச் சார்ந்து நிற்கிறதோ, அந்த வகைமாதிரிகளும் இவற்றுள் அடங்கும். அவற்றின் தெளிவான படங்கள் கிடைக்குமாயின், தொலைவிலுள்ள மாணவர் நெடும்பயணமின்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெல்லிய மாதிரிகளும் அஞ்சலில் அலைந்து உடைவதினின்றும் தப்பும்.

படம் மட்டும் போதுமா?

மலேசியாவின் சிலாங்கூர்ப் பகுதியில் ஒருவர் எடுத்துப் பொதுப் படத்தளத்தில் இட்ட கண்ணாடிச் சிறகுப்பூச்சியின் படம், அது புதிய இனமாக இருக்கலாம் என்ற ஐயத்தை ஓர் ஆய்வாளரிடம் எழுப்பியது. ஆயினும் அதே வகைப் பூச்சி மீண்டும் பிடிக்கப்பட்டு ஆராயப்பட்ட பின்னரே 2012இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றிற்கு, மாதிரி எதுவும் காக்கப்படாமல், படங்களை மட்டும் கொண்டு பெயரிடப்பட்டது. அறிவியலாரிடையே கடும் விவாதம் எழுந்தது. 2017இல் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம், மாதிரியைக் காக்காது பெயரிடுவோர் அதற்குரிய காரணத்தை விளக்க வேண்டும் என்ற வகையில் பரிந்துரைகள் வெளியிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் மாதிரியின் பக்கமே நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அதனைக் குறிப்பிட்ட காப்பகங்களுக்கு அறிவித்து, சான்று மாதிரியை ஒப்படைக்க வேண்டும். மறுபுறம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகள் பலவும் இடம்பெற்றுள்ளன. உரிய இசைவின்றி அவற்றைப் பிடித்தல் குற்றமாகும். சரணாலயத்தினுள் படமெடுக்கவும் இசைவு பெற வேண்டும். படத்திற்காகப் பூச்சியைக் குளிரூட்டி மயக்குவதும் கூட்டைப் பிரிப்பதும் தவிர்க்கத் தக்கன.

களத்தில் செய்யத்தக்கவை

வேளாண் அமைச்சகம் 2024 ஆகஸ்டு 15 அன்று தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. செல்பேசிப் படத்தைக் கொண்டு செயற்கை நுண்ணறிவின் துணையால் பூச்சியை அறிய இவ்வமைப்பு முயல்கிறது. பொறி எத்துணை நுட்பமானதாயினும், படத்தில் இல்லாத அடையாளத்தை அது காண இயலாது. ஆகவே வட்டார அளவிலான அலுவலர்கள் சில எளிய பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். நேர்வெயிலை விடுத்து நிழலில் எடுத்தல், மேற்புறமும் பக்கமும் தலையும் தெரிய மூன்று படங்களேனும் எடுத்தல், மில்லிமீட்டர் அளவுகோலை அருகில் வைத்தல், சேதமுற்ற இலையையும் சேர்த்து எடுத்தல், ஊரும் நாளும் பயிரும் அன்றே எழுதுதல் ஆகியவை அவை. ஐயத்திற்குரிய பூச்சியாயின் சிலவற்றைச் சாராயப் புட்டியில் காத்து, அதே எண்ணுடன் ஆய்வு நிலையத்திற்கு அனுப்ப வேண்டும்.

படம் விரைந்து செல்லும். மாதிரி நிலைத்து நிற்கும். விரைவு எச்சரிக்கைக்குத் தேவை. நிலைபேறு மெய்ப்பிப்பதற்குத் தேவை. இரண்டையும் ஒரே எண்ணால் பிணைத்துவைக்கும் பழக்கம் நம் கல்லூரிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் வேரூன்றுமாயின், அடுத்த புதிய பூச்சி நாட்டினுள் நுழையும்போது அதன் பெயரைச் சில நாட்களிலேயே நாம் அறிந்துகொள்ள இயலும்.