நிலைமின்னும் மின்னலும்: அதிர்ச்சியைத் தவிர்த்தல்



உலர்ந்த தலைமயிரை வாரிய பிளாத்திக்குச் சீப்பு, சிறு கடதாசித் துண்டுகளைக் கவர்வதைக் கண்டிருப்பீர்கள். காரணம் கேட்டால் பலர் "உராய்வினால் மின் உண்டாகிறது" என்று மட்டும் எழுதுகின்றனர். இது முழுமையான விடையன்று. உராயும்போது ஒரு பொருளிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் இடம்பெயர்கின்றன. இலத்திரனைப் பெற்ற பொருள் மறையேற்றமும் இழந்த பொருள் நேரேற்றமும் அடையும். சீப்பு காவலியாதலால் ஏற்றம் அதிலேயே தங்கி நிற்கிறது. இதுவே நிலைமின்.

தங்கிய ஏற்றம் வெளியேற வழி தேடும். அந்த வழி நமது உடலாக இருந்தால் அதிர்ச்சி ஏற்படும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

1. கதவுக் கைபிடியில் அதிர்ச்சி

நைலோன் ஆடையுடன் குளிரூட்டிய அறையில் இருந்தெழுந்து உலோகக் கைபிடியைத் தொட்டால் விரலில் சுரீரென்று படலாம். அப்போது உடலின் அழுத்தம் சில ஆயிரம் வோல்ற்றாக இருக்கலாம். எனினும் பாயும் ஏற்றம் மிகச் சிறிது. நேரமும் மிகக் குறுகியது. எனவே ஆபத்தில்லை. ஈரப்பதன் மிக்க வளியில் ஏற்றம் கசிந்துவிடுவதால் இவ்வதிர்ச்சி நம் நாட்டில் குறைவு.

தவிர்க்கும் வழிகள்:
அ) பருத்தி ஆடை அணிதல்.
ஆ) கதிரையின் உலோகப் பகுதியைப் பிடித்தபடி எழுதல்.
இ) கையிற் பிடித்த சாவியால் கைபிடியை முதலில் தொடுதல். பொறி சாவியில் பாயும், விரல் உணராது.

2. எரிபொருள் உள்ள இடம்

இங்கு சிறு பொறியும் பெருந்தீயாகும். ஆகையால் எண்ணெய் பவுசரிலிருந்து எரிபொருள் இறக்கமுன் அது புவித்தொடுப்புச் செய்யப்படும். கலனில் பெற்றோல் நிரப்பும்போது கலனை வாகனத்தில் வைக்காது நிலத்தில் வைக்க வேண்டும்.

3. மின்னல்

முகிலினுள் பனிப்பளிங்குகளும் மென் ஆலிகளும் மோதுவதால் ஏற்றங்கள் பிரிகின்றன. மின்னல் இவ்வேற்றத்தின் பாரிய மின்னிறக்கமாகும். அதன் ஓட்டம் ஏறத்தாழ 30,000 அம்பியர். இலங்கையில் மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவெம்பர் மாதப் பிற்பகல்களில் இடிமின்னல் அதிகம்.

அ) வயல், மைதானம், குளம் ஆகியவற்றை விட்டு வீட்டினுள் செல்க.
ஆ) தனித்த உயர்ந்த மரத்தின் கீழ் ஒதுங்கற்க.
இ) உலோகக் கூரையுள்ள, மூடிய வாகனம் பாதுகாப்பானது, ஓட்டம் அதன் வெளிப்புறமாகவே பாயும். சீலைக்கூரை முச்சக்கர வண்டி பாதுகாப்பானதன்று.
ஈ) தொலைக்காட்சியின் அன்ரனாவையும் மின்செருகியையும் முன்கூட்டியே கழற்றுக.
உ) கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே செல்லற்க.

கவனிக்க: மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின் பாயும் என்பது தவறு. அவர் உடலில் ஏற்றம் தங்கியிராது. அஞ்சி விலகி நிற்பதால் காப்பாற்றக்கூடிய உயிர் போய்விடலாம். 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, சுவாசம் இல்லையெனில் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆரம்பிக்க வேண்டும்.

மாதிரி வினா

மைதானத்தில் விளையாடும் மாணவன், மின்னலைக் கண்டு 6 செக்கனின் பின் இடியைக் கேட்கிறான். ஒலியின் வேகம் 340 மீ/செ. மின்னல் எவ்வளவு தூரத்தில் நிகழ்ந்தது? அவன் தொடர்ந்து விளையாடலாமா?

விடை: தூரம் = 340 × 6 = 2040 மீ. விளையாடக் கூடாது. இடைவெளி 30 செக்கனிலும் குறைவெனில் மின்னல் ஏறத்தாழ 10 கி.மீ.இற்குள் உள்ளது. அடுத்த மின்னல் அவன் நிற்கும் இடத்திலேயே விழலாம்.