வரப்பைத் துளைக்கும் சிவப்புக் கிரேஃபிஷ்

வரப்பில் நண்டு வளை விழுந்து, மாலையில் கட்டிய தண்ணீர் விடிவதற்குள் கீழ்வயலுக்குப் போய்விடுவதை அறியாத நெல் விவசாயி இல்லை. நம் வயல் நண்டு இம்மண்ணிலேயே தோன்றியது. அதைப் பிடித்துத் தின்னக் கொக்கும் நரியும் உண்டு, மனிதரும் உண்டு. இதே வேலையை இன்னும் தீவிரமாகச் செய்யும் ஓர் அயல்நாட்டு உயிரி ஸ்பெயின், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளின் நன்செய் நிலங்களில் பரவியுள்ளது. சிவப்புச் சதுப்புநிலக் கிரேஃபிஷ் என்பது அதன் பெயர். பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் அன்று. கடலில் கிடைக்கும் சிங்கி இறாலின் நன்னீர் உறவு எனலாம். இந்தியாவில் இயற்கையாகக் கிரேஃபிஷ் இனம் எதுவும் கிடையாது.

இதன் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியும் மெக்சிகோவின் வடகிழக்குப் பகுதியும் ஆகும். வளர்ந்த கிரேஃபிஷ் சுமார் 10 செ.மீ. நீளம் இருக்கும். கருஞ்சிவப்பு நிறமும் தடித்த ஓடும் கொண்டது. நம் ஆற்று இறாலுக்கு இரண்டாவது கால் இணைதான் நீண்டு மெலிந்த கொடுக்காக இருக்கும். கிரேஃபிஷுக்கு முதல் இணையே நண்டின் கொடுக்கைப் போலப் பருத்திருக்கும். இந்த ஒரு அடையாளமே இரண்டையும் பிரித்தறியப் போதுமானது.

இனப்பெருக்கம்

குளத்தில் நன்னீர் இறால் வளர்ப்போர் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கி விட வேண்டியிருப்பதை அறிவீர்கள். அந்த இறாலின் இளம்புழுக்கள் உப்பு கலந்த நீரில்தான் பிழைக்கும். ஆகையால் உள்நாட்டுக் குளத்தில் அது தானே பெருகுவதில்லை. கிரேஃபிஷுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பெண் தன் வாலடியில் முட்டைகளை ஒட்டவைத்துச் சுமக்கிறது. பெரிய பெண் 500 முட்டைகள் வரை சுமக்கக்கூடும். பொரித்து வருவது புழுவன்று, தாயைப் போன்றே உருவமுள்ள சிறு குஞ்சு. சில நாட்கள் தாயோடு ஒட்டியிருந்து, பிறகு பிரிந்து செல்கிறது. வெதுவெதுப்பான நீரில் சில மாதங்களிலேயே அதுவும் முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும்.

நீர் வற்றினால் அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கரையிலும் வரப்பிலும் ஆழமான வளை தோண்டி, வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு உள்ளே ஈரத்தில் காத்திருக்கும். பல பெண்கள் அங்கேயே முட்டையிடுகின்றன. மறுபடி தண்ணீர் பாய்ந்ததும் குஞ்சுகளோடு வெளியே வரும். மழை பெய்யும் இரவுகளில் தரையில் நடந்தே அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும்.

லூசியானா மாநில விவசாயிகள் இக்குணத்தையே வருமானமாக்கியுள்ளனர். நெல் அறுவடைக்குப் பின் தாளோடு வயலில் நீர் கட்டினால் வளையிலிருந்த கிரேஃபிஷ் தானே வயலை நிரப்பும்; குளிர்காலம் தொடங்கி வசந்தம் வரை கூண்டு வைத்துப் பிடித்து விற்கின்றனர். குஞ்சு பொரிப்பகம் தேவையில்லை. இந்த லாபக் கணக்கைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளும் ஆசைப்பட்டன. சொந்த ஊரில் அதற்குப் பகைகளும் பழகிய நிலமும் உண்டு என்பதை அக்கணக்கில் சேர்க்க மறந்துவிட்டனர்.

போன இடங்களில் நடந்தது

ஸ்பெயினில் 1973-இல் பதஹோஸ் பகுதியிலும், 1974-இல் செவில்லை அடுத்த குவாதல்கிவீர் ஆற்றுச் சதுப்பு நிலத்திலும் இதைக் கொண்டுவந்து விட்டனர். அங்கே கிரேஃபிஷ் பிடிப்பும் பதப்படுத்துதலும் ஒரு தொழிலாகவே வளர்ந்தன என்பது உண்மை. நாரைகளுக்கும் நீர்நாய்களுக்கும் அது தாராளமான இரையாயிற்று. ஆனால் வரப்புகளும் வாய்க்கால் கரைகளும் துளைபட்டு நீர் கசிந்தது. நேரடி விதைப்பு வயல்களில் முளைவிட்ட விதையையும் இளம் நாற்றையும் கடித்துச் சேதப்படுத்தியது. வேரூன்றித் தூர்கட்டிய பயிருக்கு இதனால் ஆபத்து குறைவு. நீருக்கடியில் பயிர் இளசாயிருக்கும் சில வாரங்களே அபாயமானவை.

வயலுக்கு வெளியே நேர்ந்த சேதம் இதைவிடப் பெரிது. நீர்த்தாவரம், நத்தை, தலைப்பிரட்டை, தட்டான் பூச்சியின் இளம்பருவம், மீன் முட்டை என எதையும் இது விடுவதில்லை. நீருள் வளரும் பாசியும் கொடியும் போனபின் சேறு கலங்கி, தெளிந்த குட்டை காவி நிறமாகிறது. கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970-இல் விடப்பட்டபின், அங்கே அல்லியும் நீருள் வளரும் செடிகளும் பெருமளவு மறைந்தன. அமெரிக்கக் கிரேஃபிஷ் சுமந்து செல்லும் ஒருவகைப் பூஞ்சண நோய் அதைக் கொல்வதில்லை. ஐரோப்பாவின் சொந்தக் கிரேஃபிஷ் இனங்களையோ கூட்டங்கூட்டமாகக் கொன்றது.

ஜப்பானுக்கு 1927-இல் வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 20 மட்டுமே. வளர்ப்புத் தவளைக்கு இரையாகக் கொண்டுவந்தனர். இன்று நாடெங்கும் பரவிவிட்ட நிலையில், 2023 ஜூன் முதல் அங்கே இதை வெளியில் விடுவதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

கட்டுப்பாடு

கூண்டு வைத்துப் பிடிப்பது எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. பெரியவை கூண்டில் விழ, சிறியவை தப்பித்து வளர்கின்றன. மருந்து தெளித்தால் மீனும் தவளையும் சாகும்; வளைக்குள் அடைந்திருப்பது பிழைத்துக்கொள்ளும். குளத்தை வற்றவைப்பதும் முன்சொன்ன காரணத்தால் பயனற்றது.

வண்ணமீன் கடைகளில் சிவப்பும் நீலமுமாகக் கிரேஃபிஷ் வகைகள் விற்கப்படுவதுண்டு. பிள்ளைகள் வளர்த்துச் சலித்தபின் அவற்றைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ விட அனுமதிக்காதீர்கள். ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்ததுதான். பெருகும், லாபம் தரும் என்று யாராவது குஞ்சு கொண்டுவந்து கொடுத்தால், மீன்வளத் துறையிடம் கேட்காமல் குளத்தில் இறக்க வேண்டாம். முதல் இணைக் கொடுக்கு பருத்த சிவப்பு இறால் ஏதேனும் உங்கள் வலையில் சிக்கினால் திரும்ப நீரில் எறியாதீர்கள். உயிரோடு வேறிடம் கொண்டு போகவும் வேண்டாம். பனிக்கட்டியில் இட்டு, பிடித்த இடத்தையும் நாளையும் குறித்து, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ சேர்ப்பியுங்கள். பிடித்தது பெண்ணாக இருந்தால் வாலடியைப் புரட்டிப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ ஒட்டியிருந்தால் அதையும் மறவாமல் தெரிவியுங்கள்.