வீடு திருத்திய மிச்சக் காசு

வீடு திருத்தும் வேலைகளில் தகராறு பெரும்பாலும் இடையில் சேரும் வேலையால்தான் வருகிறது. குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க ஐந்து லட்சம் என்று கொந்தராத்துக்காரரோடு வாய்ப்பேச்சில் முடிப்பார்கள். பாதி வேலையில் வீட்டுக்காரர், "அப்படியே பழைய குழாயையும் மாத்திடுங்க நானா" என்பார். கடைசி பில்லில் அது எண்பதாயிரமாக வந்ததும், "அதுவும் ஐந்துக்குள்ள அடக்கம்தானே" என்பார். சாட்சிக்கு ஆளில்லை.

நம்மவர் பலர் அறியாத விடயம் ஒன்று உண்டு. வழக்குத் தொடரும் காலவரையறையைக் கூறும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில்லாமல் செய்த வேலைக்கான பணத்துக்கு, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். (கடைக் கொப்பிக் கடனுக்கும் இதே ஒரு வருடம்தான், கடைக்காரர்கள் கவனிக்கவும்!) எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 6 வருடங்கள். நோன்பு முடியட்டும், ஹஜ் முடியட்டும் என்ற தவணைகளிலேயே அந்த ஒரு வருடம் ஓடிவிடும்.

சிறு தொகையானால் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபை இணக்கம் காண முயலுமே தவிர தீர்ப்பு வழங்காது.

எனவே மேலதிக வேலை சொல்லப்பட்ட அன்றே வேலை, தொகை, திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வீட்டுக்காரர் முடிந்த வேலைக்கேற்பப் பணம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.